செவியில் வாழும் சினிமா

1931-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 31-ஆம் தேதி சென்னையில் வெளியான ‘காளிதாஸ்’ என்னும் படத்தையே தமிழின் முதல் பேசும் படம் என்று நம் சினிமா சரித்திரம் எழுதியவர்கள் யாவரும் குறிப்பிடுகிறார்கள். எச்.எம். ரெட்டி இயக்க, நாடகமேடையில் முன்னமே பெயர்பெற்றிருந்த டி.பி. ராஜலட்சுமி கதாநாயகியாக நடிக்க, பம்பாயில் தயாரான அந்தப் படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலித்தன. படச்சுருள் அடங்கிய பெட்டி ரயிலில் வந்து இறங்கி வால்டாக்ஸ் சாலை வழியாகக் கினிமா சென்ட்ரல் கொட்டகைக்குச் சென்றபோது, ஜனங்கள் அதற்குப் பூத்தூவித் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள் என்று சொல்வார்கள். அவ்வளவு மரியாதையோடு வரவேற்கப்பட்ட அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. அதன் காட்சிகள் எப்படி இருந்தன என்று சொல்லக்கூடியவர் எவரும் இப்போது உயிரோடு இல்லை. ஆயினும் அதில் ராஜலட்சுமி தியாகராஜ கீர்த்தனங்களைப் பாடினார் என்பதும், காளிதாசன் கதைக்குச் சற்றும் சம்பந்தமில்லாத இராட்டினப் பாட்டு ஒன்று அதில் இடம்பெற்றது என்பதும், பாட்டு எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ் என்பதும் நமக்குத் தெரிகின்றன. படம் அழிந்துவிட்டது, அதன் பாட்டைப் பற்றிய செய்தி அழியவில்லை.

இது தற்செயலாக நேர்ந்த விஷயமன்று என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. சினிமாவைக் கண்ணுக்குரிய கலை என்று உலகத்தார் வகுத்திருந்தாலும், தமிழ் ஜனங்களுடைய ஞாபகத்தில் அது பெரும்பகுதி காதுக்குரிய கலையாகவே தங்கியிருக்கிறது. அவ்வாறு தங்கியதற்குக் காரணம், சினிமா வருவதற்கு முந்திய அரை நூற்றாண்டுக் காலம் கொட்டகை நாடகம் நம் செவியைப் பழக்கி வைத்திருந்ததேயாகும். நம்முடைய வீடுகளிலும் கடைத்தெருக்களிலும் கல்யாணப் பந்தல்களிலும் சினிமா எப்படி வாழ்ந்தது என்று ஆராயப் புகுந்தால், திரையிலிருந்து புறப்பட்டு மேடைக்குத்தான் திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது.

அந்த மேடையின் ஆசிரியராக எல்லாரும் ஏகமனதாக ஏற்றுக்கொண்டவர் தூத்துக்குடிச் சீமையில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, சிலகாலம் கணக்கு எழுதும் உத்தியோகம் பார்த்து, பிறகு நாடகத்தில் புகுந்து, எமன், சனீஸ்வரன் முதலிய உக்கிரமான வேஷங்கள் கட்டி, கடைசியில் வேஷம் கட்டுவதை விட்டுவிட்டு நாடகங்கள் எழுதுவதிலும் பிள்ளைகளைப் பயிற்றுவதிலும் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘நல்லதங்காள்’, ‘அல்லி அர்ச்சுனா’ என்று அவர் ஆக்கிய நாடகங்களின் அமைப்பைக் கவனித்தால், கதை நடப்பதற்காகப் பாட்டு வருகிறதா, பாட்டு நடப்பதற்காகக் கதை வருகிறதா என்று சந்தேகம் தோன்றும். விருத்தம், சந்தப் பாட்டு, கீர்த்தனம் ஆகியவை எழுதியபடி நிலைத்திருக்க, இடையிலே வரும் வசனத்தை நடிகன் தன் சாமர்த்தியத்துக்கும் சபையின் ருசிக்கும் தக்கவாறு விரித்தும் சுருக்கியும் பேசிக்கொள்ள இடம் இருந்தது. பாத்திரங்கள் இருவர் எதிரெதிரே நின்று கேள்வியும் பதிலுமாக மோதும் தர்க்கமே இந்நாடகங்களின் உயிர்நிலை. சண்டைக் காட்சியைவிடத் தர்க்கத்துக்கே சபையில் ஆரவாரம் அதிகம் எழும்.

மதுரையில் 1918-இல் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் ஆறு வயதுப் பிள்ளையாகச் சேர்ந்த டி.கே. சண்முகம், பிற்காலத்தில் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ என்னும் நூலில், ‘அபிமன்யு சுந்தரி’ நாடகம் முழுவதையும் சுவாமிகள் ஓர் இரவிலேயே எழுதி முடித்ததைப் பதிவு செய்திருக்கிறார். அத்தகைய வேகம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. யாப்பும் சந்தமும் ராகமும் ஒருவருடைய நினைவில் ஊறிக் கிடந்தாலன்றி அது சாத்தியமாகாது. அவர் எழுதினார் என்பதைவிட, தமக்குள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்ததை இறக்கி வைத்தார் என்று சொல்வதே பொருந்தும். ஆயிரக்கணக்கான பாட்டுக்களைப் பிறர் நாவில் ஏற்றிய அந்தப் பெரியவர், கடைசி நாட்களில் பக்கவாதத்தால் தம் நாவே எழாமல் துன்புற்று, 1922 நவம்பரில் புதுச்சேரியில் காலமானார். அச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துவிடுகிறது.

பாய்ஸ் கம்பெனி என்று வழங்கிய பிள்ளைகள் சபைகளில் பயிற்சி எப்படி நடந்தது என்பதை அவற்றில் வளர்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கம்பெனி வீட்டிலேயே உண்டு உறங்கி, விடியற்காலையில் எழுந்து பாட்டுப் பாடம் கேட்டு, வாத்தியாருடைய பிரம்புக்கு அஞ்சி, தன் பாகத்தை மட்டுமல்லாமல் நாடகம் முழுவதையுமே பிள்ளைகள் நெட்டுருப் பண்ணினார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கியாஸ் விளக்கின் ஒளியில், தகரக் கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் ஒன்றுவிடாமல் எட்ட வேண்டும். எட்டாத குரலுக்கு அந்த உலகத்தில் இடமில்லை. ஆகையால் ஐந்து கட்டை சுருதியில் அநாயாசமாகச் சஞ்சரித்த செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா அந்த மேடைக்கு அரசராக விளங்கியதில் ஆச்சரியமில்லை. குரல் உடையும் பருவத்தை, மகரக்கட்டு என்று கம்பெனிக்காரர்கள் சொல்வதை, ஒவ்வொரு பிள்ளையும் மரணபயத்தோடு எதிர்நோக்கினான். அது வந்துவிட்டால் நேற்றுவரை ராஜபார்ட்டாக நின்றவன் இன்று திரை இழுக்கப் போக வேண்டியிருக்கும். இந்தக் கடுமையில் எத்தனையோ பிள்ளைகளின் வாழ்வு நசிந்துபோயிற்று என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் எம்.ஜி. ராமச்சந்திரன், பி.யு. சின்னப்பா, என்.எஸ். கிருஷ்ணன், சிவாஜி கணேசன் ஆகிய நால்வரும் அந்தக் கம்பெனி வீடுகளிலிருந்தே வந்தவர்கள் என்பதை நினைத்தால், தமிழ்ச் சினிமாவின் குரல் எங்கே உருவாயிற்று என்பதற்கு வேறு பிரமாணம் தேவையில்லை.

கம்பெனிகள் மறைந்தபின்பும் சுவாமிகளின் நாடகம் மறையவில்லை. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை ஜில்லாக்களில் கோயில் திருவிழாக்களில் இன்றும் நடைபெறும் ஸ்பெஷல் நாடகமே அதற்குச் சாட்சி. ஒரு குழுவாக இல்லாமல் நடிகர்களைத் தனித்தனியே பேசி அமர்த்துவது இதன் விசேஷம். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார். பபூனும் நடனக்காரியும் ஹார்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் அவ்வாறே. ஒத்திகை கிடையாது, இயக்குபவர் என்று எவரும் கிடையாது. இரவு பத்து மணிக்கு மேல் பபூன் மேடையேறித் தொடங்கி வைத்தால், நள்ளிரவுக்கு மேல் கதை சூடு பிடித்து, பொழுது விடியும் நேரத்தில் வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணம் நடக்கும். முன்பின் சேர்ந்து பழகாத இவர்கள் ஓர் இரவு முழுவதும் பிசகின்றி ஒரு நாடகத்தை நடத்துவது எவ்வாறு? எல்லாருடைய நினைவிலும் ஒரே நாடகம் இருக்கிறது என்பதுதான் விடை. இவர் இந்த ராகத்தில் எடுத்தால் அவர் இன்ன பாட்டில் பதில் சொல்வார் என்பது நாலைந்து தலைமுறைகளாக வாய்மொழியாகக் கைமாறி வந்த ஏற்பாடு. ஒரு திருவிழாவில் மேடையோரமாக உட்கார்ந்து நான் இதைப் பார்த்தபோது, நாரதர் வேஷக்காரர் தர்க்கத்தில் புதிதாக ஒரு கேள்வியைப் போட, வள்ளி ஒரு கணம் தயங்க, எனக்குப் பின்னால் போர்வை போர்த்து உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டி, வள்ளி சொல்ல வேண்டிய பதிலை வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டார். நாடகம் நடிகர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. சபை முழுவதற்கும் அது பாடமாகியிருந்தது. இத்தகைய சபைக்கு நடுவில்தான் சினிமா வந்து இறங்கியது.

குரலின் வலிமையை அறிந்துகொள்ள எஸ்.எஸ். விஸ்வநாததாஸின் வாழ்க்கையை நினைவுகூர்ந்தால் போதும். முடிதிருத்தும் சமூகத்திலே பிறந்து, சாதியின் காரணமாக அவமானங்களைச் சகித்து, சுவாமிகளின் நாடகங்களில் நாயகனாக நின்று, புராண வேஷத்திலேயே தேசியப் பாட்டுக்களைப் பாடி, அதற்காகத் திரும்பத் திரும்பச் சிறை சென்றவர் அவர். 1876-ஆம் ஆண்டின் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் சர்க்காரின் கையில் இருந்தது. ஆனால் எழுதிக் காட்டப்படும் நாடகத்தை அச்சட்டத்தால் தடுக்க முடிந்ததேயன்றி, நடு இரவில் முருகன் வேஷத்தில் நின்றுகொண்டு எழுதாத ஒரு பாட்டைப் பாடிவிடும் குரலை முன்கூட்டித் தடுக்க முடியவில்லை. 1940-ஆம் ஆண்டின் கடைசி நாளில், சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நடந்துகொண்டிருந்தபோது, மயில்மீது முருகனாக அமர்ந்து பாடியபடியே அவர் உயிர் துறந்தார். அவருடைய நடிப்பைக் காட்டும் சலனப்படம் ஏதும் நமக்கு வாய்க்கவில்லை. ஆனால் அவர் பாடிப் பரப்பிய பாஸ்கரதாஸின் வெள்ளைக் கொக்குப் பாட்டைத் தென்பாண்டி நாட்டுக் கிராமங்களில் வெகுகாலம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

இந்த மேடைக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர் பம்மல் சம்பந்த முதலியார். 1891-இல் அவரும் நண்பர்களும் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபை, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடித்த அமெச்சூர் சபை. பாட்டைக் குறைத்து வசனத்தை வளர்க்க வேண்டும் என்பதும், குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்பதும் அவருடைய கொள்கைகள். ஆறு பாகங்களாக அவர் எழுதிய ‘நாடகமேடை நினைவுகள்’ தமிழில் நாடகத்தைப் பற்றிய ஞாபக இலக்கியத்துக்கு அஸ்திவாரம் போட்டது. சம்பந்தனார் நினைவுகளையும் சண்முகத்தின் வரலாற்றையும் அடுத்தடுத்துப் படிப்பவர்களுக்கு ஒரு வேற்றுமை புலப்படும். நியாயாதிபதியாக இருந்த முதலியார் தேதியையும் வரவு செலவையும் யார் யார் என்னென்ன வேஷம் தரித்தார்கள் என்பதையும் சாட்சிப் பதிவுபோல் ஒழுங்காக எழுதுகிறார். சண்முகமோ யாருடைய குரல் எப்படி இருந்தது, எந்தப் பாட்டு எந்த ஊரில் எடுபட்டது, எந்த இரவில் யாருக்குத் தொண்டை கட்டியது என்று காதால் நினைவுகூர்கிறார். சரித்திரம் எழுதுகிறவனுக்கு முதல் நூல் அதிகம் உதவும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்து ஜனங்களுக்கு நாடகம் என்னவாக இருந்தது என்று அறிய விரும்புகிறவன் இரண்டாவது நூலைத்தான் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி சினிமாவுக்கு வருவோம். ஊமைப் படங்களின் காலத்திலேயே நம் கொட்டகைகள் ஊமையாக இருக்கவில்லை. திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கியது முதல், திரையருகே நின்று கதையை உரக்கச் சொல்பவர் ஒருவர் கொட்டகைக்கு அவசியமாகிவிட்டார். அவர் குரலுக்கேற்பவே படம் ருசித்தது. இந்நிலையில் பேசும் படம் வந்ததும், முதலாளிகள் கதைக்காக எங்கும் தேடி அலையவில்லை. நாடகத்தை நடிகர்களோடும் பாட்டுக்களோடும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பம்பாய், கல்கத்தா முதலிய வெளியூர் ஸ்டூடியோக்களுக்கு நாடகக் கோஷ்டிகள் ரயிலேறின, சென்னையில் ஏ. நாராயணன் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்ரீநிவாஸா சினிடோனை நிறுவியது 1934-இல்தான். அதே ஆண்டில் கே. சுப்பிரமணியம் இயக்க, எம்.கே. தியாகராஜ பாகவதரும் எஸ்.டி. சுப்புலட்சுமியும் நடித்து வெளிவந்த ‘பவளக்கொடி’, அவர்கள் மேடையில் நடித்துக் கீர்த்தி பெற்ற நாடகமே. அதில் ஐம்பது பாட்டுக்கள் வரை இருந்தன. மறு ஆண்டில் ‘நந்தனார்’ படத்துக்காகக் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது என்றால், அந்தத் தொகை ஒரு முகத்துக்காகக் கொடுக்கப்பட்டதன்று. கணவர் கிட்டப்பாவை 1933-இல் இழந்தபின் வெண்புடவை தரித்து மேடையைத் துறந்திருந்த அம்மையாரின் குரலை மீண்டும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று தமிழகம் ஏங்கியதன் விலை அது.

இத்தகைய படங்களைப் ‘படம் பிடித்த நாடகம்’ என்று விமரிசகர்கள் அன்றும் இகழ்ந்தார்கள், இன்றும் இகழ்கிறார்கள். காமிரா அசையாமல் நிற்பதும், நடிகர்கள் சபையை நோக்கி நிற்பதுபோல் வரிசையாக நிற்பதும், மரணத் தறுவாயிலும் விருத்தம் பாடுவதும் சினிமாவின் இலக்கணத்துக்கு விரோதமானவை என்ற அவர்களுடைய வாதத்தில் பாதி நியாயம் உண்டு. பாதி என்று நான் சொல்வது ஏனெனில், அந்தப் படங்களுக்கு வந்தவர்கள் புதிய கலையின் இலக்கணத்தைத் தேடி வந்தவர்களல்லர். தங்கள் ஊருக்கு ஒருபோதும் வரமுடியாத பெரிய நடிகரின் குரல், இரண்டணாச் சீட்டுக்குத் தங்கள் ஊர்த் தரையிலே கிடைக்கிறது என்று வந்தவர்கள். நாடகமேடை கண்ணுக்கு விருந்தளிக்கவில்லை என்று நான் சொல்வதாகவும் எண்ணிவிடலாகாது. கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ காட்சி ஜோடனைக்குப் பேர்போனது. நவாப் ராஜமாணிக்கத்தின் தேவி பால விநோத சங்கீத சபை மேடையில் செய்து காட்டிய தந்திரக் காட்சிகளை நேரில் கண்டவர்கள் வியந்து பேசுவதுண்டு. ஆனால் அவ்வியப்பைப் பிறருக்குக் கைமாற்றிக் கொடுக்க அவர்களால் இயலவில்லை. ஒரு காட்சியை வர்ணிக்கத்தான் முடியும். ஒரு பாட்டையோ பாடிக் காட்டிவிடலாம். பேரப்பிள்ளைகளிடம் எஞ்சி நிற்பது பாட்டாகவே இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாட்டு முறை நுழைந்தபின், பாடத் தெரிந்தவர்தான் நடிக்கலாம் என்ற நிர்ப்பந்தம் படிப்படியாகத் தளர்ந்தது. பாகவதரின் ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே கொட்டகையில் வெளியாகி மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாட்டுக்காரர்களின் யுகத்துக்கு அதுவே உச்சம். அதன்பின் செவியின் ஆதிக்கம் முடிந்திருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். நடந்தது வேறு. பாட்டின் சிம்மாசனத்தில் வசனம் வந்து அமர்ந்தது. சி.என். அண்ணாதுரையின் ‘வேலைக்காரி’ மேடையில் வெற்றிபெற்றுப் படமானது 1949-இல். பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தை மூலமாகக் கொண்டு மு. கருணாநிதி வசனம் தீட்டிய ‘பராசக்தி’ 1952-இல், சம்பந்த முதலியாரின் பழைய ‘மனோகரா’ அதே கருணாநிதியின் வசனத்தோடு புதுப்பிறவி எடுத்தது 1954-இல், திருவாரூர் கே. தங்கராசுவின் ‘இரத்தக்கண்ணீர்’ எம்.ஆர். ராதாவின் குரலில் திரைக்கு வந்ததும் அந்த ஆண்டில்தான். இவை நான்கும் நாடகங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இவற்றில் ஜனங்கள் நெட்டுருச் செய்த பகுதிகள் எவை என்று பார்த்தால், நீதிமன்றக் கூண்டில் நின்று ‘பராசக்தி’யின் குணசேகரன் வாதாடுவதும், சங்கிலியால் பிணிக்கப்பட்ட மனோகரன் அரசவையில் எதிர்த்துப் பேசுவதுமே முன்னால் நிற்கின்றன. அதாவது, வள்ளியும் நாரதரும் செய்த அதே தர்க்கம் உடை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. சென்னை மூர் மார்க்கெட்டுப் பக்கத்தில் ‘பராசக்தி’ வசனத்தை நீளமாக ஒப்பித்துக் காசு பெற்றுப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். கொள்கையால் புராண நாடகத்துக்கு நேர்விரோதமாக நின்ற அந்தப் படங்கள், உருவத்தால் அதன் நேர்வாரிசுகளாக இருந்தன என்பது என் துணிபு.

இந்த வமிசாவளி முழுவதும் ஒரே இடத்தில் வெளிப்படுவதைக் காண விரும்புகிறவர் 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தைப் பார்க்கலாம். அதை இயக்கிய ஏ.பி. நாகராஜன், டி.கே. சண்முகம் முதலிய டி.கே.எஸ். சகோதரர்களின் சபையில் ஸ்திரீபார்ட் வேஷங்கள் கட்டி வளர்ந்தவர். நக்கீரராக நடித்தவரும் அவரே. எதிரே சிவனாக நின்ற சிவாஜி கணேசன், சிறுவனாகக் கம்பெனியில் சேர்ந்து முதன்முதலில் சீதை வேஷம் போட்டவர். ஒளவையாராக வந்து பாடியவர் சுந்தராம்பாள். அரசவையில் பாண்டியன் முன்னிலையில் நடக்கும் அந்தச் சொற்போர், காமிராவின் சாமர்த்தியம் எதையும் நம்பாமல், இரண்டு தேர்ந்த நாடகக்காரர்களின் மூச்சையும் நிறுத்தத்தையும் மட்டுமே நம்பி நிற்கிறது. பிறகு அந்த வசனம் இசைத்தட்டாக வெளிவந்து, கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் காது குத்துக்களிலும் குழாய் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதும் கேட்டது. ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னின் வசனமும் அவ்வாறே. வாழை கட்டிய பந்தலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள், படம் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் வசனத்தை ஏற்ற இறக்கங்களோடு அறிந்திருந்தார்கள். நானும் அப்பிள்ளைகளில் ஒருவனாக இருந்தவன்தான்.

டூரிங் கொட்டகையின் அமைப்பே இதற்குத் துணைசெய்தது. கீற்றும் தட்டியும் கித்தானும் ஒலியை உள்ளே அடக்கி வைக்கமாட்டா. இரண்டாவது ஆட்டத்தின் சத்தம் வயல்களைத் தாண்டி வந்து, திண்ணையிலும் களத்திலும் படுத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கேட்டது. ஒரே கருவியில் சுருள் மாற்றி மாற்றி ஓட்டியதால் ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளைகள் விடுவார்கள். அந்த இடைவேளைகளில் முறுக்கும் சோடாவும் விற்கும் கூச்சலும் எங்கள் வீட்டுக்கு எட்டும். எங்கள் குடும்பத்துப் பெண்கள் படம் பார்க்கப் போவது திருவிழாபோல் அபூர்வமாக நேர்வது. ஆயினும் அக்கொட்டகையில் ஓடிய படங்களின் கதை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த இடத்தில் யார் அழுவார் என்பதும் தெரிந்திருந்தது. பிற்பாடு அகில இந்திய வானொலி படங்களை ஒரு மணி நேர ஒலிச்சித்திரமாகச் சுருக்கி ஒலிபரப்பியபோது, அதைக் கேட்பதற்கு எவருக்கும் தனிப்பயிற்சி தேவைப்படவில்லை. காட்சியில்லாத சினிமா என்பது வேறு நாட்டாருக்கு விசித்திரமாகத் தோன்றலாம்; நம் வீடுகளில் அரிசி புடைத்துக்கொண்டும் பூத்தொடுத்துக்கொண்டும் அதை மிக இயல்பாகக் கேட்டார்கள்.

இவற்றோடு பாட்டுப் புத்தகத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். நாடக காலத்திலேயே சென்னைக் குஜிலிக் கடைகளில் மலிவு விலைக்கு விற்ற பாட்டுப் புத்தகங்களின் வழிவந்தது அது. மட்டமான காகிதத்தில், கதைச் சுருக்கமும், நடிகர் பெயர்களும், பாட்டுக்களும், ஆரம்ப காலத்துப் பிரதிகளில் ராக தாளக் குறிப்புக்களுமாக அச்சிட்டுக் கொட்டகை வாசலில் விற்பார்கள். கதையை முக்கால் பங்கு சொல்லி, மிச்சத்தை வெள்ளித்திரையில் காண்க என்று முடிப்பது அதன் சம்பிரதாயம். இன்று பிரதியே இல்லாத எத்தனையோ படங்களைப் பற்றி நாம் அறிவதெல்லாம் இந்தச் சிறு புத்தகங்களால்தான். பண்டிதர்கள் பொருட்படுத்தாத இவ்வகை அச்சுக்களைப் பொருட்படுத்திச் சேர்த்தவர்கள் சிலர் இருந்தது நம் பாக்கியம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தம் ஆயுள் முழுவதும் சேர்த்த ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டுப் பிரசுரங்களும் இன்று சென்னையில் அவர் பெயரால் இயங்கும் ஆராய்ச்சி நூலகமாக வாழ்கின்றன. படங்களின் பட்டியலையும் புகைப்படங்களையும் தனியொருவராகத் திரட்டியவர் பிலிம் நியூஸ் ஆனந்தன். மதுரகவி பாஸ்கரதாஸ் பல ஆண்டுகள் விடாமல் எழுதிய நாட்குறிப்புக்களும் நூலாக வந்திருக்கின்றன.

படச்சுருள்கள் அழிந்த காரணம் எளிது. அக்காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றக்கூடியது. வெப்பத்திலும் ஈரத்திலும் தானாகவே சிதைவது. ஓடி முடிந்த படத்துக்கு மறுவிலை இல்லாததால், சுருளில் படிந்திருந்த வெள்ளியை எடுப்பதற்காக அதைக் கரைத்தவர்களும் உண்டு. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஏற்பட்டது 1964-இல். அதற்குள் நம் முதல் முப்பது ஆண்டுகளின் பெரும்பகுதி போய்விட்டது. போனதை மீட்க வழியில்லை.

மீட்கக்கூடியது ஒன்று இன்னும் இருக்கிறது. அது ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் நினைவு. சுவாமிகளின் பாட்டுக்கள் அச்சில் ஓரளவு கிடைக்கின்றன. ஆனால் அப்பாட்டுக்களுக்கிடையே பேசப்படும் தர்க்கமும், ஊருக்கு ஊர் மாறும் மெட்டுக்களும், ஹார்மோனியக்காரர் எடுத்துக்கொடுக்கும் முறையும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவை முதிய நடிகர்களின் நாவிலும், அவர்கள் பெட்டியில் வைத்திருக்கும் கையெழுத்து நோட்டுக்களிலும் மட்டுமே இருக்கின்றன. அவர்களில் பலர் திருவிழா மாதங்களில் மட்டும் வருமானம் பெற்று மற்ற மாதங்களில் வறுமையில் உழல்பவர்கள். நம் கல்லூரித் தமிழ்த் துறைகள் ஆண்டுதோறும் எத்தனையோ ஆய்வேடுகளை உருவாக்குகின்றன. அவற்றில் ஒரு சில இந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டாலும் பெரும் பயன் விளையும். இதைப் படிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டுப் பரணில் நாடக நோட்டீஸோ பாட்டுப் புத்தகமோ பழைய இசைத்தட்டோ கிடந்தால், அதை எடைக்குப் போடாமல் ஒரு பொது நூலகத்தில் சேர்ப்பியுங்கள். உங்கள் ஊர்த் திருவிழாவில் நாடகம் நடந்தால், கலைஞர்களின் சம்மதம் பெற்று, அவர்களுக்குத் தனியே சன்மானம் கொடுத்து, பபூன் வருவது முதல் மங்களம் பாடுவது வரை முழு இரவையும் ஒலிப்பதிவு செய்து, ஊரும் தேதியும் நடித்தவர் பெயரும் குறித்து வையுங்கள்.